ஒரே ஊர், ஒரே அலைவரிசை, நாலு விண்ணப்பம்: சமுதாய வானொலி தொடங்குபவர்களுக்கு

சமுதாய வானொலிக்கு அலைவரிசை வாங்குவது பற்றித் தேடினால் ஒன்று, அரசாங்க நடையில் எழுதிய நெறிமுறைக் கோப்பு கிடைக்கும், இல்லையென்றால் "எல்லாம் நாங்களே முடித்துத் தருகிறோம்" என்று பெரிய தொகை கேட்கும் ஏஜென்ட் கிடைப்பார். எங்கள் அறக்கட்டளைக்காக இந்த வேலையில் இறங்கி அலைந்தபோது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சாதாரண விளக்கம் கிடைக்கவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். குறிப்பாக, உங்கள் ஊரிலேயே ஒரு கல்லூரி, ஒரு தொண்டு நிறுவனம், ஒரு வேளாண் மையம் என்று பலரும் வானொலி கேட்டு நிற்கிறார்கள், காலியாக இருப்பதோ ஒரே ஒரு அலைவரிசை என்றால் இதை முழுக்கப் படியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியார் வணிக எஃப்எம் ஏலத்தில் போவது, அதிகம் கொடுப்பவருக்குக் கிடைக்கும். சமுதாய வானொலியில் ஏலம் கிடையாது. முதலில் வந்தவருக்கு முதலில் என்பதும் கிடையாது. ஒரு குழு உட்கார்ந்து, இந்த ஊருக்கு யார் உழைத்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறது. அதனால் வேலையில் முக்கால்வாசி விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

1. உங்கள் அமைப்புக்குத் தகுதி இருக்கிறதா

தனிநபருக்குக் கிடைக்காது. அரசியல் கட்சிக்கும் அதன் துணை அமைப்புகளுக்கும் கிடைக்காது. லாப நோக்கில் நடக்கும் நிறுவனத்துக்கும், தடை செய்யப்பட்ட அமைப்புக்கும் கிடைக்காது. பதிவு பெற்ற சங்கம், பொது அறக்கட்டளை, கல்வி நிறுவனம், வேளாண் பல்கலைக்கழகம், கிருஷி விஞ்ஞான் கேந்திரா போன்றவை கேட்கலாம். தொண்டு அமைப்பாக இருந்தால் குறைந்தது 3 ஆண்டுகள் அந்தப் பகுதி மக்களுக்குச் சேவை செய்த வரலாறு வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வானொலிக்காகவே புதிதாக ஒரு டிரஸ்ட் பதிவு செய்துவிட்டு அடுத்த மாதம் விண்ணப்பம் போடுவது வீண் வேலை. ஏற்கெனவே ஊரில் இயங்கும் அமைப்பின் பெயரில் போடுங்கள். அந்த அமைப்பின் பத்திரத்தில் இருக்கும் நோக்கங்களையும் ஒருமுறை எடுத்து வாசித்துவிடுங்கள். மக்கள் கல்வி, விழிப்புணர்வு, தகவல் பரப்பல் என்று எதுவுமே அதில் இல்லாவிட்டால், முறைப்படி திருத்தப் பத்திரம் போட்டுவிட்டு வருவது நல்லது. "இவர்களுக்கு ஏன் வானொலி?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

பழைய கட்டுரைகளில் ஓர் அமைப்புக்கு ஒரே ஒரு நிலையம்தான் என்று படித்திருப்பீர்கள். 2024 பிப்ரவரியில் வந்த திருத்திய நெறிமுறைப்படி, பல மாவட்டங்களில் இயங்கும் தகுதியுள்ள அமைப்பு நிபந்தனைகளுக்கு உட்பட்டு வெவ்வேறு மாவட்டங்களில் அதிகபட்சம் 6 நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். சின்ன அமைப்புகளுக்கு இது கொஞ்சம் கவலையான செய்தி, பக்கத்து மாவட்டத்துப் பெரிய நிறுவனமும் இனி உங்கள் ஊரில் போட்டிக்கு வரலாம்.

2. உங்கள் ஊர் வானத்தில் இடம் இருக்கிறதா

இதைச் செய்ய ஒரு கார் ரேடியோவும் ஒரு நோட்டும் போதும். யாரும் செய்வதில்லை என்பதுதான் வருத்தம்.

எஃப்எம் பட்டை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. பார்க்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு நிலையமும் தன் எண்ணுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ளும். ஒரே ஊரில் இருந்து ஒலிபரப்பும் இரண்டு நிலையங்களுக்கு நடுவே நம் நாட்டில் வழக்கமாக 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விடுகிறார்கள். சென்னையில் 91.1, 91.9, 92.7, 93.5 என்று வரிசையாகப் போவதைக் கவனித்திருப்பீர்கள், அந்த இடைவெளி இதுதான். ஆக 20 மெகாஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் ஓர் ஊருக்கு 25 இடங்கள்தான் தேறும். அதில் ஆகாசவாணிக்கும் தனியார் எஃப்எம்முக்கும் ஒதுக்கியது போக, பக்கத்து ஊர்களில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பது போக, மிச்சம் இருப்பதில்தான் நமக்குக் கிடைக்க வேண்டும். பெரிய நகரங்களில் அந்த மிச்சம் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான்.

ஒரே எண்ணைத் தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களுக்குக் கொடுப்பதில் தடையில்லை. சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வானொலி 90.4இல் இருக்கிறது, பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசையும் அதே 90.4தான். இடையில் தூரம் போதுமான அளவு இருப்பதால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்வதில்லை. உங்கள் ஊரிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டரில் ஒரு சமுதாய வானொலி இருந்தால் அதே எண் உங்களுக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். நிலையம் வைக்க நினைக்கும் இடத்தில் காரை நிறுத்தி, 88இல் இருந்து 108 வரை 0.1 விட்டு 0.1 நகர்த்தி, கேட்பதை எல்லாம் எழுதுங்கள். தெளிவாகக் கேட்கிறதா, இரைச்சலோடு கேட்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. ராமநாதபுரம், நாகப்பட்டினம் மாதிரிக் கடலோரமாக இருந்தால் இலங்கை எஃப்எம் நிலையங்கள் நன்றாகவே கேட்கும், அதிலும் கடல்மேல் வெப்பக்காற்றுப் படலம் அமையும் நாட்களில் உள்ளூர் நிலையத்தையே அமுக்கிவிடும் அளவுக்கு வரும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த எண் என்று முடிவு செய்வது நீங்கள் இல்லை, தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளை ஒதுக்கும் டபிள்யூபிசி பிரிவு. பிறகு எதற்கு இந்தப் பட்டியல் என்றால், எத்தனை பேருக்கு இடம் இருக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நாலு இடம் காலியாக இருந்தால் போட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் விண்ணப்பம் போடலாம். ஒன்றுகூடச் சந்தேகம் என்றால் அடுத்த படிதான் முக்கியம்.

எண் கையில் வராமல் லோகோ, ஸ்டிக்கர், பெயர்ப் பலகை எதையும் அடிக்காதீர்கள். "90.8" என்று ஆசையாக அடித்த பலகைகளை அப்புறம் வெள்ளையடிக்க வேண்டியிருக்கும்.

3. போட்டியாளர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்

உங்கள் மாவட்டத்தில் வேறு யார் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். சிறிய ஊரில் இது ரகசியமாக இருக்காது. தெரிந்ததும் அவர்களிடம் நேராகப் போய்ப் பேசுவதுதான் என் யோசனை. பலர் இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள்.

நாலு பேர் தனித்தனியாகப் போட்டால் மூன்று பேரின் உழைப்பு வீண். அதற்குப் பதில் பலமான ஒருவர் பெயரில் விண்ணப்பம் போகட்டும், மற்றவர்கள் நிகழ்ச்சி தயாரிப்பில் பங்காளியாகட்டும். ஒவ்வொரு நிலையமும் ஓர் ஆலோசனை மற்றும் உள்ளடக்கக் குழு வைக்க வேண்டும், அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2024 நெறிமுறை சொல்கிறது. மற்ற அமைப்புகளுக்கு அந்தக் குழுவில் இடம் கொடுக்கலாம். காலை நேரம் விவசாயம் ஒருவருக்கு, மாலை மாணவர் நிகழ்ச்சி இன்னொருவருக்கு என்று நேரம் பிரிக்கலாம். இதை எழுத்தில் போட்டு எல்லோரும் கையெழுத்திட்டால் அந்தத் தாளே உங்கள் விண்ணப்பத்துக்குப் பெரிய பலம்.

எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். அனுமதியை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது, விற்கவும் முடியாது. அதனால் "இரண்டு வருஷம் நீங்கள், அப்புறம் நாங்கள்" என்ற மாதிரி உடன்பாடு போடாதீர்கள். உரிமையும் பொறுப்பும் விண்ணப்பித்த அமைப்பிடமே இருக்கிறது, மற்றவர்கள் நிகழ்ச்சி தருகிறார்கள், இவ்வளவுதான் இருக்க வேண்டும்.

4. இடமும் ஆயத்தொலைவும்

டிரான்ஸ்மிட்டரும் ஆன்டெனாவும் எங்கே நிற்கும் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பல்கலைக்கழகம் என்றால் முதன்மை வளாகத்துக்குள் இருக்க வேண்டும். மற்ற அமைப்புகள், சேவை செய்யப்போகும் மக்கள் வாழும் பகுதிக்குள்ளேயே வைக்க வேண்டும். "ஊரில் இடம் கிடைக்கவில்லை, டவுனில் மாடி இருக்கிறது" என்பது எடுபடாது.

ஆன்டெனா தரையிலிருந்து குறைந்தது 15 மீட்டர், அதிகபட்சம் 30 மீட்டர் உயரத்தில் இருக்கலாம். வீச்சுத் திறன் 100 வாட் வரை, விசேஷமான சில இடங்களுக்கு மட்டும் 250 வாட் வரை தருகிறார்கள். இந்த 100 வாட் என்பது பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட் அல்ல. டிரான்ஸ்மிட்டர் தருவதில் கேபிளில் வீணாவதைக் கழித்து, ஆன்டெனா கூட்டித் தருவதைச் சேர்த்து வரும் கணக்கு. 50 வாட் டிரான்ஸ்மிட்டரும் அதை இரட்டிப்பாக்கும் ஆன்டெனாவும் சேர்ந்தாலே ஏறக்குறைய 100 வந்துவிடும். 100 வாட் பெட்டியைத் தலையில் கட்டப் பார்க்கும் வியாபாரியிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சமதரையில் நல்ல உயரத்தில் வைத்தால் 5 முதல் 10 கிலோமீட்டர் கேட்கும். மலை, அடுக்குமாடி குறுக்கே வந்தால் குறையும். வாட்டைவிட உயரம்தான் கை கொடுக்கும் என்பதால், கிடைக்கும் இடங்களில் மேடான இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது எல்லோரும் தடுமாறும் விஷயம். ஆயத்தொலைவை, அதாவது இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, பாகை, நிமிடம், விநாடி என்று கேட்பார்கள். கைபேசி வரைபடமோ 9.28 என்று தசமத்தில் காட்டும். சிலர் அதை அப்படியே 9 பாகை 28 நிமிடம் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் 0.28ஐ 60ஆல் பெருக்க வேண்டும், 16.8 நிமிடம் வரும், அதாவது 9 பாகை 16 நிமிடம் 48 விநாடி. ஒரு நிமிடம் என்பது தரையில் கிட்டத்தட்ட 1.85 கிலோமீட்டர். ஆக இந்த ஒரு தவறால் உங்கள் நிலையம் காகிதத்தில் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்காரும். அந்த இடத்தில் ஏற்கெனவே யாராவது இருந்தால் உங்களுக்கு அலைவரிசை இல்லை என்று பதில் வரும், ஏன் என்றே உங்களுக்குப் புரியாது. விநாடியைப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வரை எழுதுங்கள், எல்லாப் படிவங்களிலும் ஒரே எண்களாக இருக்கட்டும். இடத்தின் புகைப்படத்தோடு அதை ஒரு தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டால், யார் படிவம் நிரப்பினாலும் அதையே பார்த்து எழுதுவார்கள்.

விமான நிலையம் பக்கத்தில் இருந்தால் விமான நிலைய ஆணையம் வெளியிட்டிருக்கும் வண்ண வரைபடத்தில் உங்கள் இடத்துக்கு எவ்வளவு உயரம் அனுமதி என்று முதலிலேயே பாருங்கள். கட்டடத்தின் உயரமும், ஆன்டெனாவைத் தாங்கும் கம்பமான மாஸ்டின் உயரமும் சேர்த்துத்தான் கணக்கு.

வாடகை இடமாக இருந்தால் குத்தகையை நீண்ட காலத்துக்குப் போடுங்கள். அனுமதி இப்போது 10 ஆண்டுக்குத் தருகிறார்கள். 11 மாத வாடகை ஒப்பந்தத்தை நம்பி டவர் நடுவது அசட்டுத் துணிச்சல், ஏனென்றால் இடம் மாறினால் பழையபடி தள அனுமதியில் (இந்த இடத்தில் ஆன்டெனா நிற்கலாம் என்ற அனுமதி) இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

5. ஆவணங்கள்

இந்தக் கட்டுரையில் எதையாவது மறுபடி படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

ஓர் அலைவரிசைக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வந்தால், தகவல் ஒலிபரப்புச் செயலர் தலைமையிலான குழு என்னென்ன பார்க்கும் என்று நெறிமுறையிலேயே எழுதியிருக்கிறார்கள்: மக்களிடையே அமைப்புக்கு உள்ள நன்மதிப்பு, காட்டிய ஈடுபாடு, அமைப்பின் நோக்கங்கள், திரட்டக்கூடிய வளங்கள், நம்பகத்தன்மை, எத்தனை ஆண்டுகள் சேவை செய்திருக்கிறது. உங்கள் கோப்பை இந்த ஆறு தலைப்பிலேயே பிரித்துத் தயாரியுங்கள். பார்ப்பவர் தேட வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது.

அடிப்படைத் தாள்கள்: பதிவுச் சான்றிதழ், அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்க விதிகள், பான், கடைசி 3 ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கும் ஆண்டறிக்கையும், நிர்வாகக் குழுவினரின் விவரம், விண்ணப்பிக்க அதிகாரம் கொடுத்துக் குழு நிறைவேற்றிய தீர்மானம், இடத்துக்கான உரிமைப் பத்திரம் அல்லது குத்தகை. வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்பு என்றால் எஃப்சிஆர்ஏ பதிவும் அதன் கணக்கும்.

நன்மதிப்பு, ஈடுபாடு இரண்டையும் காட்டுவதுதான் கஷ்டம். மாவட்ட ஆட்சியரோடு எடுத்த போட்டோவை இணைப்பவர்கள் நிறையப் பேர், அதற்குப் பெரிய மதிப்பு இருப்பதாகத் தெரியவில்லை. அதைவிட, இந்த ஊரில் இந்த ஊராட்சிகளில் இந்தத் தேதியில் இன்ன வேலை செய்தோம், இத்தனை பேர் வந்தார்கள் என்ற வருகைப் பதிவேடு நகல் உறுதியாகப் பேசும். கிராம சபைத் தீர்மானம், சுய உதவிக் குழுக்களின் கடிதம், மீனவர் சங்கமோ விவசாயிகள் சங்கமோ தரும் கடிதம் கிடைத்தால் வாங்குங்கள். எல்லாக் கடிதமும் ஒரே வாசகத்தில் இருந்தால் நீங்களே டைப் அடித்துக் கையெழுத்து மட்டும் வாங்கியது தெரிந்துவிடும். அவரவர் எழுதட்டும், கையெழுத்துப் பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை, ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் சேர்த்து வையுங்கள்.

கையோடு ஒரு தேவை ஆய்வும் செய்துவிடுங்கள். ஊரில் எத்தனை வீட்டில் ரேடியோ கேட்கிறார்கள், கைபேசியில் எஃப்எம் இருக்கிறதா, எந்த நேரத்தில் கேட்பார்கள், என்ன வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்ட நாலு பக்க அறிக்கை போதும். போட்டியில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் இது இருக்காது.

அடுத்து, நம் தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி: இனிஷியல். பத்திரத்தில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக வந்து நிற்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். உள்துறை அமைச்சகத்தில் பாதுகாப்புச் சரிபார்ப்பு செய்பவருக்கு மூன்று ஆட்கள். அரசுக் கல்வி நிறுவனங்கள் தவிர, தொண்டு அமைப்புகளுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் இந்தச் சரிபார்ப்பு உண்டு. நிர்வாகக் குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி பெயர் இருக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள், இல்லாவிட்டால் முதலில் திருத்துங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நிர்வாகிகளை மாற்றாதீர்கள், புதிதாக வருபவருக்கும் சரிபார்ப்பு தேவைப்படும். ஆண்டுப் பொதுக்குழு, தேர்தல் எல்லாம் முடித்துவிட்டு விண்ணப்பிப்பதே நிம்மதி.

கட்சிப் பொறுப்பில் இருப்பவர் குழுவில் இருந்தால்? பலர் கேட்கும் கேள்வி இது. அமைப்பு கட்சியின் துணை அமைப்பு இல்லை என்று வாதாடலாம்தான். ஆனால் போட்டி இருக்கும் இடத்தில் எதிராளிக்கு நீங்களே துருப்புச் சீட்டு எடுத்துக் கொடுக்கிறீர்கள். விண்ணப்பத்துக்கு முன் அவரை மரியாதையாக விலகச் சொல்லுங்கள்.

6. விண்ணப்பமும் தேர்வுக் குழுவும்

விண்ணப்பம் ஆன்லைனில்தான், தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா தளத்தில். அலைவரிசைக்கும் தள அனுமதிக்கும் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளம் தனி. இரண்டிலும் ஒரே மின்னஞ்சல், ஒரே கைபேசி எண் கொடுங்கள், அது ஊழியரின் சொந்த எண்ணாக இல்லாமல் அமைப்பின் எண்ணாக இருக்கட்டும். வேலையை விட்டுப் போனவரின் கைபேசிக்கு ஓடிபி போய்க்கொண்டிருந்த கதைகள் உண்டு.

குறை இருந்தால் எழுதிக் கேட்பார்கள். அந்தக் கடிதம் தளத்துக்குள்ளேயே வந்து கிடக்கும், யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது உள்ளே போய்ப் பாருங்கள். மற்ற அமைச்சகங்களின் ஒப்புதலுக்கு நெறிமுறையில் 3 மாதம் என்று போட்டிருக்கும், அதை நம்பித் திறப்பு விழா தேதி குறிக்காதீர்கள்.

தேர்வுக் குழு முன் பேச அழைக்கும்போது அமைப்பின் தலைவர் போக வேண்டும் என்று கட்டாயம் வைத்துக்கொள்ளாதீர்கள். ஊரில் வேலை செய்தவர், கணக்குத் தெரிந்தவர், நிகழ்ச்சி பற்றி யோசித்தவர் போகட்டும். கேள்விகள் சாதாரணமாகத்தான் இருக்கும்: தினம் எத்தனை மணி நேரம், யார் தயாரிப்பார்கள், பணம் எங்கிருந்து, மூன்றாம் வருஷம் எப்படிச் சமாளிப்பீர்கள். நிகழ்ச்சியில் குறைந்தது பாதியாவது உள்ளூரிலேயே தயாரித்ததாக இருக்க வேண்டும் என்பது விதி, எனவே ஒரு வார நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "செய்தி வாசிப்போம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை, ஆகாசவாணி செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம். வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, மின்தடை அறிவிப்பு போன்றவை செய்திக் கணக்கில் வராது, அவற்றைத் தாராளமாகச் சொல்லலாம்.

7. எல்ஓஐ வந்துவிட்டதா, கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது

தேர்வானால் விருப்பக் கடிதம் வரும், எல்லோரும் எல்ஓஐ என்றுதான் சொல்வார்கள். இனிப்பு கொடுத்துவிட்டு உடனே வேலையைப் பாருங்கள். எல்ஓஐ ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், எதிர்பாராத தடங்கலுக்கு மேலும் 3 மாதம் தருகிறார்கள். அதற்குள் மிச்சம் எல்லாம் முடிய வேண்டும்.

வந்த ஒரு மாதத்துக்குள் டபிள்யூபிசியிடம் அலைவரிசை ஒதுக்கீட்டுக்கும் சாக்ஃபா அனுமதிக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். மேலே தள அனுமதி என்று சொன்னது இந்த சாக்ஃபா அனுமதிதான். சாக்ஃபா என்பது பல துறைகளும் சேர்ந்த குழு, விமானப்படை, விமான நிலைய ஆணையம் போன்றவை எல்லாம் உங்கள் ஆன்டெனா தங்களுக்கு இடைஞ்சலா என்று பார்த்துச் சொல்லும். இதற்கு 6 மாதம் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு துறையில் மாட்டினாலும் மொத்தமும் நிற்கும். எந்தத் துறையில் நிற்கிறது என்று தளத்திலேயே பார்க்கலாம், பொதுவாக "எப்போது முடியும்" என்று எழுதிக்கொண்டிருக்காமல் அந்தத் துறையின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் டிரான்ஸ்மிட்டர் வாங்கிவிடலாமா என்றால், வேண்டாம் என்பேன். அலைவரிசை உறுதியாகாமல் ஆன்டெனாவைச் சரியாக டியூன் செய்யவும் முடியாது, உத்தரவாதக் காலமும் பெட்டிக்குள்ளேயே கழிந்துவிடும். ஸ்டூடியோ அறையைத் தயார் செய்யுங்கள், ஆட்களுக்குப் பயிற்சி கொடுங்கள், மூன்று கம்பெனியில் விலைப்புள்ளி வாங்கி வையுங்கள்.

8. பணம்

அரசுக்குக் கட்டுவது பெரிய தொகை இல்லை. பழைய நெறிமுறையில் விண்ணப்பக் கட்டணம் 2,500 ரூபாய், வங்கி உத்தரவாதம் 25,000 ரூபாய் என்றிருந்தது, நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் தளம் காட்டும் தொகையே இறுதி. இவற்றோடு அலைவரிசைக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. அதை மறந்தால் உரிமமே ஆட்டம் காணும், எனவே வங்கியில் அதற்கென்று தனியாக ஒதுக்கிவிடுங்கள். வங்கி உத்தரவாதத்தை அமைச்சகம் தந்த வாசகத்திலேயே வாங்க வேண்டும். கிளை மேலாளர் தங்கள் வழக்கமான படிவத்தில் அடித்துக் கொடுத்தால் திரும்பி வரும்.

செலவு எல்லாம் கருவியில்தான். டிரான்ஸ்மிட்டர், மாஸ்ட், ஆன்டெனா, மிக்சர், மைக் எல்லாம் சேர்ந்து பல லட்சம் ஆகும். எல்லோருடைய பட்ஜெட்டிலும் விடுபடுவது வேறு சில: இடிதாங்கி, முறையான எர்த்திங், யுபிஎஸ், ஏசி, மாஸ்டுக்குக் காப்பீடு, பாட்டு போடுவதற்கான உரிமைத்தொகை. எர்த்திங்கில் மிச்சம் பிடித்தவர்கள் முதல் ஐப்பசி மழையிலேயே டிரான்ஸ்மிட்டரை இழக்கிறார்கள்.

வரவுக்கு விளம்பரம் மணிக்கு 12 நிமிடம் வரை போடலாம், முன்பு 7 நிமிடம்தான். விளம்பரக் கட்டணம் 10 விநாடிக்கு 74 ரூபாய். 12 நிமிடமும் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய் என்று கணக்குப் போட்டு மகிழலாம், ஆனால் நிரம்பாது. தொடக்கத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே நல்லது என்று வைத்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். சமுதாய வானொலிகளுக்கு அமைச்சகத்தின் உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது, அதற்கும் விண்ணப்பியுங்கள், ஆனால் அந்தப் பணம் வந்தால்தான் நிலையம் நடக்கும் என்ற நிலையில் இறங்காதீர்கள்.

ஏஜென்ட் பற்றி ஒரு வரி. படிவம் நிரப்ப, வரைபடம் போட உதவுபவருக்குக் கூலி கொடுப்பது நியாயம். "குழுவில் ஆள் இருக்கிறது" என்று சொல்பவர் எங்களிடமும் வந்தார். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

9. ஒப்பந்தம், உரிமம், ஒலிபரப்பு

சாக்ஃபா வந்ததும் வங்கி உத்தரவாதம் கொடுத்து, அமைச்சகத்தோடு அனுமதி ஒப்பந்தம் போட வேண்டும். அதைக் காட்டி டபிள்யூபிசியிடம் இயக்க உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிமம் கையில் வராமல் "சும்மா டெஸ்ட்" என்றுகூட ஒலிபரப்பைப் போடாதீர்கள். ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் டம்மி லோடில் (அலையை வெளியே விடாத சோதனைக் கருவி) இணைத்து டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்கலாமா என்பதைக்கூட எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அனுமதி எல்லாம் வந்த 3 மாதத்துக்குள் ஒலிபரப்பு தொடங்க வேண்டும். தொடங்கிய பிறகும் 3 மாதத்துக்கு மேல் நிறுத்தி வைத்தால் அனுமதியை ரத்து செய்து, அலைவரிசையை அடுத்து தகுதியுள்ளவருக்குக் கொடுக்க முடியும். ஆகவே போட்டியில் ஜெயித்துவிட்டோம் என்று அசந்துவிடாதீர்கள், உங்களிடம் தோற்றவர் உங்கள் நிலையம் எத்தனை நாளாக மௌனமாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். டிரான்ஸ்மிட்டர் பழுதானால் பழுதான தேதி, சர்வீஸுக்கு அனுப்பிய ரசீது, எப்போது திரும்பும் என்ற கடிதம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அமைச்சகத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். அதே மாதிரி, தோற்றவர் நீங்கள் என்றால் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள், ஆண்டறிக்கைகளைச் சேர்த்துப் புதுப்பித்து வையுங்கள்.

ஒலிபரப்பிய எல்லாவற்றின் பதிவையும் 3 மாதம் வைத்திருக்க வேண்டும். புகார் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். 24 மணி நேரமும் தானாகப் பதிவு செய்யும்படி ஒரு பழைய கணினியை ஒதுக்கிவிடுங்கள்.

வேறு நிலையத்தால் உங்கள் ஒலிபரப்புக்கு இடையூறு வந்தால் அந்த நிலையத்துக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். எந்த இடத்தில், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த எண்ணில், என்ன மாதிரிக் கேட்டது என்று குறைந்தது ஒரு வாரக் குறிப்பும் ஒலிப்பதிவும் சேர்த்து டபிள்யூபிசிக்கு எழுதுங்கள், அளந்து பார்க்க வயர்லெஸ் மானிட்டரிங் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வந்தால் உங்கள் டிரான்ஸ்மிட்டரையும் சேர்த்துத்தான் அளப்பார்கள், அதனால் புகார் எழுதும் முன் உங்கள் வாட், உயரம், எண் மூன்றும் உரிமத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.